சோடியம் விளக்குக்கு எந்தப் பிரதிபலிப்பான்?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல், கியூபெக் மாகாணம் போன்ற விலக்குகள் நீங்கலாக, ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. நான்கே செடிகள் என்றிருக்கும்போது, வீட்டுக்குள் செடி வளர்க்கப் பயன்படும் சோடியம் விளக்கின் வாட் அளவைக் கூட்டுவதற்கு முன் அதன் பிரதிபலிப்பானைக் கவனிப்பதே முறை என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அந்த பல்பு ஒளியை எல்லாப் பக்கமும் வீசுவதால், மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் செல்லும் பெரும்பகுதியைச் செடிகளின் மேல் திருப்பிவிடுவது பிரதிபலிப்பான்தான்.

இரு புறமும் சிறகு போல் வளைந்த திறந்த அலுமினியத் தகடு மலிவானது. வெப்பத்தை அது அறைக்குள்ளேயே விடுவதால் உயரமும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கே பொருந்தும். கண்ணாடியால் மூடி, குழாய் வழியே சூடான காற்றை வெளியேற்றும் கூண்டு வகையில் விளக்கைச் செடிக்கு நெருக்கமாக இறக்கலாம் என்றாலும், கண்ணாடி ஒளியில் சிறிது பங்கைத் தடுத்துவிடுகிறது, தூசு படிந்தால் இன்னும் கூடுதலாக. (துடைப்பதற்குச் சோம்பல்படுவோர் இதை வாங்காதிருப்பது நலம்.) பல்பு செங்குத்தாகத் தொங்கும் குடை வகை, ஒளியை அகலமாகப் பரப்புவதால் செடி வளர்க்கும் சிறு கூடாரத்தில் சுவருக்கே பெரும்பங்கு போய்விடும்.

எல்ஈடி பலகைகள் இயல்பாகவே கீழ்நோக்கி ஒளிர்வதால் அவற்றுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.