முதலுதவிப் பை: 410 கிராமிலிருந்து 165 கிராம் வரை

ஆயத்தமாக வாங்கிய முதலுதவிப் பையின் எடை 410 கிராம். இப்போது நடைபயணங்களுக்கு நான் சுமக்கும் முதுகுப்பையின் மேல் அறையில் இருப்பது 165 கிராம். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, இதைப் பயன்படுத்த எனக்குத் தெரியுமா, இதன் வேலையைச் செய்யக்கூடிய வேறு பொருள் ஏற்கெனவே முதுகில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் குறைத்தேன். கத்தரிக்கோல், உலோகப் பெட்டி, ஐஸ் பை ஆகியவை இந்தச் சோதனையிலேயே வெளியேறிவிட்டன.

அதிகம் பயன்பட்டது துத்தநாக ஆக்சைடு டேப். முழுச் சுருளையும் கொண்டுசெல்லாமல், ஒரு மீட்டர் அளவை ஸ்டிக்கரின் வழவழப்பான பின்தாளில் ஒட்டி மடித்து வைத்திருக்கிறேன். குதிகாலில் உறுத்தல் தொடங்கும்போதே நடையை நிறுத்தி, தோலைத் துடைத்து உலரவிட்டு, டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிச் சுருக்கமில்லாமல் ஒட்டினால், வியர்வையிலும் அது பெயர்வதில்லை. கொப்புளம் ஏற்கெனவே எழும்பியிருந்தால், அதன் மேல்தோல் டேப்போடு உரிந்து வந்துவிடாதபடி நடுவில் சிறு காஸ் (காயத்துக்கு வைக்கும் வலைத்துணி) துண்டு வைக்க வேண்டும். ஒட்டிய டேப்பை அன்று மாலையே பிடுங்குவதை நான் நிறுத்திவிட்டேன். அது உறுதியாக இருக்கும்வரை அப்படியே விடுவதுதான் தோலுக்கு நல்லது.

காயத்தைக் கழுவுவதற்குக் குடிக்கத் தகுந்த நீரே போதும். ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் காயத்துக்குள் ஊற்றினால் திசுக்கள் பாதிக்கப்படும் என்பதால் இரண்டு புட்டிகளும் பையை விட்டுப் போயின. அழுத்தத்தோடு நீரைப் பாய்ச்சுவது எப்படி என்பதை, சேறு அப்பிய ஸ்பாஞ்சில் பழகினேன். மூலையில் துளையிட்ட ஜிப் பிளாஸ்டிக் பையைப் பிழிந்தபோது நீர் நாலாபுறமும் தெறித்தது. 20 மில்லி சிரிஞ்சு குறிவைத்த இடத்தில் சேற்றைக் கிளப்பியது. அரை லிட்டர் நீரைச் செலுத்த அதை 25 முறை நிரப்ப வேண்டியிருப்பது சலிப்பான வேலைதான் என்றாலும், சிரிஞ்சுக்கே இடம் கொடுத்தேன்.

எலும்பு முறிவுக்கென்று தனியாக எதுவும் இல்லை. முதுகுப்பைக்குள் விறைப்புக்காக மடித்து வைக்கும் நுரைப் பாயையும் முக்கோணத் துணியையும் கொண்டு, நண்பரின் முன்கையைக் கட்டிப் பழகினேன். முறிந்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் அசையாதிருக்க வேண்டும் என்பதால், மணிக்கட்டோடு முழங்கையும் கட்டுக்குள் வந்தாக வேண்டும். கட்டிய பிறகு விரல்களின் நிறம், சூடு, தொடு உணர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வீக்கம் ஏறினால் கட்டு இறுகும் என்பதால் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அவசியம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கட்டுவது நான் நினைத்ததைவிட எளிது. ஒற்றைக் கையால் என் மணிக்கட்டுக்கே கிரேப் பேண்டேஜ் சுற்றுவதுதான் இன்னும் சரிவரவில்லை, சுருள் உருண்டோடிவிடுகிறது.

மருந்துகளில் பாராசிட்டமால், ஒவ்வாமைக்கான செட்டிரிசின், வயிற்றுப்போக்குக்கான லோபரமைடு ஆகியவற்றைப் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி வெட்டிய பட்டைகளாக வைத்திருக்கிறேன். மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் லோபரமைடு கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தைக் குறைந்த நீரில் கரைத்தால் உப்பின் செறிவு கூடிவிடும்; என் புட்டி முக்கால் லிட்டர்தான் கொள்ளும் என்பதால் மடக்கு நீர்ப்பையில் ஒரு லிட்டர் கோடு போட்டுக்கொண்டேன்.

இன்னும் முடிவாகாதது டூர்னிக்கே, அதாவது இரத்தப்போக்கை நிறுத்தக் கைகாலைச் சுற்றி இறுக்கும் பட்டை. காஸை வைத்துக் கையால் விடாமல் அழுத்தினாலே பெரும்பாலான இரத்தப்போக்கு நின்றுவிடும். அப்படி நிற்காத கைகால் காயத்துக்குக் கூடாரக் கயிறு மாற்றாகாது, ஏனெனில் மெல்லிய கயிறு சதையை அறுக்குமே தவிர தமனியை முழுதாக அடைக்காது. முறையாகத் தயாரிக்கப்பட்ட அகலப் பட்டையின் எடை ஏறக்குறைய 80 கிராம், அதாவது இப்போதைய பையின் எடையில் பாதி. துணையோடு போகும்போது அதை விட்டுச் செல்கிறேன். தனியாகப் போகும் நடைகளுக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுவதால், ஒரு பயிற்சிப் பட்டையை இரவல் வாங்கி, காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, ஒரே கையால் இறுக்கிப் பார்க்கப்போகிறேன்.