இரண்டு பாட், ஒரே செய்தி

பெங்களூரில் எங்கள் தமிழ் நண்பர் கூட்டத்தில் பாதிப் பேர் டிஸ்கார்டு, மீதிப் பேர் மேட்ரிக்ஸ்; இரண்டும் தனித்தனி அரட்டைத் தளங்கள். யாரும் இறங்கி வரமாட்டார்கள். அதனால் நடுவில் ஒரு பாட், அதாவது தானாக இயங்கும் ஒரு நிரல்: இங்கே எழுதுவதை அங்கே போடும், அங்கிருப்பதை இங்கே. தான் போட்டதையே புதுச் செய்தி என்று திருப்பி அனுப்பாமலிருக்க, தன் கணக்கிலிருந்து வருவதைத் தொடாமல் விட்டால் போதும்.

போன வாரம் நண்பர் ஒருவர் நல்ல எண்ணத்தில் இன்னொரு பாட்டையும் சேர்த்துவிட்டார். இதற்கு அது வேற்றாள், அதற்கு இது வேற்றாள். "ஞாயிறு காலை அல்சூர் ஏரி, வர்றீங்களா?" என்ற ஒரே வரி விடாமல் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒரு "மேட்ரிக்ஸிலிருந்து:" கூடிக்கொண்டே போனது.

'அதே வாசகம் வந்தால் தடுத்துவிடலாமே' என்றார்கள். வாசகம்தான் ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறதே! தவிர, நாலு பேர் நிஜமாகவே "சரி" என்று போட்டால் மூன்று காணாமல் போகும்.

1980இல் ஓடத் தொடங்கிய, பல கணினிகள் செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும் விவாத வலையமைப்பான யூஸ்நெட் இதை அழகாகச் சமாளித்தது. ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளம். ஏற்கெனவே பார்த்தது என்றால் சர்வர் வாங்காது. எந்தெந்தக் கணினி வழியாக வந்தது என்ற பட்டியலும் செய்தியோடு வரும். அதில் பெயர் இருக்கும் கணினிக்குத் திரும்பப் போகாது.

எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. டிஸ்கார்டு, பாட் கணக்குகளுக்குத் தனிக் குறி தருகிறது. குறி இருந்தால் தொடாதே என்று இரண்டுக்கும் சொன்னோம். சுற்று நின்றது. ஆனால் இரண்டு பாட்டும் தனித்தனியாகக் கடத்துவதால் இப்போது எல்லாமே இரண்டு தடவையாவது வருகிறது. யாருடைய பாட்டைக் கழற்றுவது என்று பஞ்சாயத்து ஓடுகிறது.