பேரம் பேசாமல் வேண்டுவது

நான் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. எப்படி விட்டாய் என்று கேட்பவர்களிடம் பிரார்த்தனையைப் பற்றிச் சொன்னால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள், மீதிப் பேர் "கடவுள் மனசு வச்சா எல்லாம் நடக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு நடந்தது இரண்டிலும் இல்லை.

உண்மையைச் சொன்னால் நான் அதிகமாகக் கும்பிட்டது குடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான். காலையில் கை நடுங்கும்போது, ராத்திரி என்ன பேசினேன் என்றே நினைவில்லாமல் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தபோது, "இந்த ஒரு தடவை காப்பாத்து, இனிமே தொட மாட்டேன்" என்று அழுது வேண்டியிருக்கிறேன். அது வேண்டுதல் இல்லை, பேரம். சாயங்காலம் ஆனால் பேரம் முறிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் உடம்பை மீட்டது மருத்துவம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். சாமியை வேண்டிக்கொண்டு வீட்டிலேயே நிறுத்திவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியுமாக ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தேன். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அங்கிருந்த கவுன்சிலர்தான் ஏஏ கூட்டத்துக்கு அனுப்பினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகள், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது அது. குடியிலிருந்து மீள அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளை வாசித்தபோது 'கடவுள்' என்ற சொல் வந்ததுமே எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அவ்வளவு கோபம் எனக்கு அவர் மேல். 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்திலான கடவுள்' என்று சேர்த்திருக்கிறார்களே, அது ஆரம்ப காலத்தில் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் வாதாடியதால் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னாலேயே யாரோ எனக்காகச் சண்டை போட்டு ஒரு கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

என் ஸ்பான்சர், அதாவது எனக்கு முன்பே குடியை விட்டு எனக்கு வழிகாட்டியவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "நம்பிக்கை வரட்டும்னு காத்திருக்காதீங்க தம்பி. காலையில 'இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருக்க உதவி பண்ணு'ன்னு கேளுங்க. ராத்திரி ஒரு நன்றி சொல்லுங்க. யார்கிட்ட கேக்குறோம்ங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். படுக்கும்போது செருப்பைக் கட்டிலுக்கு அடியில் உள்ளே தள்ளிவிடச் சொன்னார். காலையில் அதை எடுக்க முட்டி போட்டே ஆகவேண்டும், முட்டி போட்டதோடு கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்க சிமெண்ட் தரையில் முட்டி வலிக்க, ஒரு கை செருப்பைத் துழாவ, வாய் மட்டும் அந்த வரியைச் சொல்லும். மனசு எதையும் உணரவில்லை. ஆனாலும் அந்த மாதம் நான் குடிக்கவில்லை.

குடிக்கும் வெறி கிளம்பும்போது என்ன செய்வேன் என்றால், ஸ்பான்சருக்குப் போன் போடுவேன், அவர் எடுக்கும்வரை மன அமைதிப் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே இருப்பேன், மாற்ற முடியாததை ஏற்க அமைதியும் மாற்ற முடிந்ததை மாற்றத் துணிவும் இரண்டையும் பிரித்துப் பார்க்க அறிவும் கேட்கும் வேண்டுதல் அது. என் அனுபவத்தில் இருபது நிமிஷம் அரை மணி தாண்டினால் அலை இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்தில் கைக்குப் பிடிக்க ஒன்று வேண்டும்.

பதினோராம் படிக்கு வந்தபோதுதான் உள்ளே நிஜமாக ஏதோ மாறியது. கடவுளுடைய சித்தம் என்ன என்று தெரியவும் அதைச் செய்யச் சக்தி கிடைக்கவும் மட்டும் வேண்டிக்கொள்ளச் சொல்கிறது அது. 'மட்டும்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டேன். என்னிடம் பெரிய பட்டியலே இருந்தது, வேலை, கடன், மனைவி பழையபடி பேச வேண்டும் என்று. அதையெல்லாம் கேட்காமல் எழுந்திருப்பது எனக்குக் குடியை விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

என் அண்ணன் மேல் எனக்குத் தீராத கசப்பு. "ரெண்டு வாரம் அவருக்காக வேண்டுங்க, உங்களுக்கு என்ன நல்லது வேணுமோ அதையெல்லாம் அவருக்குக் கேளுங்க" என்றார் ஸ்பான்சர். முதல் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பத்தாவது நாளோ என்னவோ, அவர் உடம்புக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் கொடுத்த பணத்தை நான் குடித்துத் தீர்த்தது ஞாபகம் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கசப்புக்குக் காரணம் அவர் இல்லை, அவரைப் பார்த்தால் எனக்கு வரும் வெட்கம்.

இடையில் எத்தனையோ மாதங்கள் வறட்சியாகவும் போயின, சுவரோடு பேசுவது மாதிரி. அப்போதும் செருப்பை உள்ளே தள்ளத் தவறவில்லை.

நம்மால் பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் செய்ததைச் சரிசெய்யச் சொல்வது ஒன்பதாம் படி. அண்ணனிடம் அதற்கான பேச்சு இன்னும் பாக்கி. அடுத்த ஞாயிறு நேரில் போகிறேன், முதல் தவணைப் பணத்தோடு. அவர் மன்னிக்க வேண்டும் என்று அன்றைக்குக் காலையில் கேட்கப் போவதில்லை. எவ்வளவு எடுத்தேன் என்று முழுக் கணக்கையும் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லத் தைரியம் கேட்கப் போகிறேன்.