கல்யாண போட்டோகிராபருக்கு ஒரு விசிட்டிங் கார்டு

மதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படமெடுக்கிறேன். எங்கள் தொழிலில் அடுத்த வேலை பெரும்பாலும் மண்டபத்திலேயே கிடைத்துவிடும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் "தம்பி, உங்க நம்பர் ஒண்ணு குடுங்க" என்பார், அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது நம் கார்டை மட்டும்தான். அதனால் கேமரா பொம்மை, லென்ஸ் வட்டம் எதுவும் வேண்டாம், நான் எடுத்த படம் ஒன்று முன்பக்கம் முழுக்க இருக்கட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எந்தப் படம் என்பதில்தான் நேரம் போனது. கார்டு 3.5க்கு 2 இஞ்ச். சொந்தபந்தம் எல்லாம் மேடையில் நிற்கும் படம் மானிட்டரில் பிரமாதமாக இருக்கும், கார்டில் ஒவ்வொரு முகமும் கடுகளவு. கடைசியில் தாரை வார்க்கும்போது எடுத்த படத்துக்கு வந்தேன்: மருதாணிக் கை, அதைத் தாங்கும் அப்பாவின் காய்ப்பேறிய கை, மேலிருந்து விழும் நீர். அவ்வளவுதான். முகம் தெரியாவிட்டாலும் அந்த வீட்டாரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினேன், கேட்பதுதான் முறை.

அப்புறம் நிறம். மானிட்டர் வெளிச்சத்தில் காட்டும் ராணி பிங்க் பட்டு நிறத்தை பிரஸ்ஸின் நாலு மையில் அப்படியே கொண்டுவர முடியாது, கொஞ்சம் மங்கும். அதை டிசைனர் கையில் விடாமல் நானே சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அந்த நாலு மைக்கான நிற முறைக்கு மாற்றி, தோல் நிறம் கெடாமல் சரிசெய்து கொடுத்தேன். சிவகாசியில் அச்சடித்தால் விலை குறைவாக வருவதற்கு ஒரு காரணம், பல பேருடைய கார்டுகளை ஒரே பெரிய ஷீட்டில் சேர்த்து ஓட்டுவது, அதில் நம் ஒரு கார்டுக்காக மையைக் கூட்டிக் குறைக்க மாட்டார்கள். மேட் லேமினேஷன், அதாவது பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் உறை, போட்டால் நிழல் பகுதி இன்னும் கொஞ்சம் அடங்கும், அதற்காக நிழலை முன்கூட்டியே சற்று வெளிச்சமாக்கினேன். ஓரத்தில் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் விட வேண்டும், இல்லையென்றால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும்.

பின்பக்கம் பெயர், ஊர், ஒரே ஒரு போன் நம்பர். இங்கேதான் டிசைன் கடையில் ஒரு சிக்கல். தமிழில் டைப் செய்து அனுப்பியது அவர்களுடைய பழைய கோரல்டிரா டிசைன் சாப்ட்வேரில் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. வீட்டிலேயே எழுத்துகளை கர்வாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் கொடுத்ததும் சரியாகிவிட்டது. தமிழ்ப் பெயர் போடுகிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள்.

இன்னொன்று, பின்பக்கத்துக்கு லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரஸ்காரர் "ஒரு பக்கம் மட்டும் போட்டா கார்டு வளையும்ணே" என்றார். 350 ஜிஎஸ்எம் என்கிற கெட்டித் தாளிலும் லேசாக வளையத்தான் செய்கிறது. ஆனால் லேமினேஷன் மேல் பால்பாயிண்ட் பேனா ஒழுங்காக எழுதாது, எனக்கோ முகூர்த்தத் தேதியை அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி எழுதிய கார்டை யாரும் சட்டென்று தூக்கிப் போடுவதில்லை, பீரோவிலோ பத்திரிகைக் கட்டோடோ வைத்துக்கொள்கிறார்கள். அதற்காக அந்த வளைவைப் பொறுத்துக்கொள்ளலாம்.