ஃபர்னஸ் ஃபில்டர்: பெரிய நம்பர் வாங்குவதற்கு முன்னால்

குளிர் ஊர்களில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் ஃபர்னஸ்; அதற்குள் போகும் காற்றிலுள்ள தூசியைப் பிடிப்பது ஃபர்னஸ் ஃபில்டர். அதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த நம்பர் நல்லது? நான் பதிலுக்கு, உங்கள் ஃபில்டர் எத்தனை அங்குலத் தடிமன் என்று கேட்பேன். அது தெரியாமல் நம்பரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

என் மகளுக்கு ஆஸ்துமா உண்டு. குளிர்காலம் முழுக்கக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரே காற்றை வீட்டுக்குள் சுற்றவிடுகிறோம் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஃபில்டரின் அட்டைச் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் மெர்வ் எண், அது துகள்களை எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டுவது; ஆஷ்ரே என்கிற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் 52.2 என்ற தரநிலையிலிருந்து வருவது. மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். மகரந்தம், துணியிலிருந்து பறக்கும் தூசி போன்றவற்றுக்கு இது போதும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகளைப் பற்றி மெர்வ் 8 எந்த உறுதியும் தருவதில்லை. மெர்வ் 13 அந்த இடத்தில்தான் வேறுபடுகிறது: 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான நுண்துகளில் பாதியையாவது பிடித்தாக வேண்டும். புகைத் துகள் பெரும்பாலும் இந்த அளவுதான். சில பெட்டிகளில் மெர்வ் இல்லாமல் எம்.பி.ஆர்., எஃப்.பி.ஆர். என்று வேறு எண்கள் இருக்கும். அவை தயாரிப்பாளரும் கடைக்காரரும் தாங்களாக வைத்துக்கொண்ட அளவுகள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் மெர்வ் எண்ணும் ஓரமாக இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் 13 வாங்கிவிடலாமே என்று தோன்றும். என் தம்பிக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்ல குளிரில் ஒரு நாள் போன் செய்தான்.

"அக்கா, கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் பர்னர் அணைஞ்சிடுது. ஃபேன் மட்டும் ஓடிட்டே இருக்கு. வீடு சூடே ஆகலை."

"ஃபில்டர் மாத்தினியா?"

"போன வாரம்தான் மாத்தினேன். இருக்கிறதிலேயே பெரிய நம்பர்."

"கழட்டிட்டுப் பழைய எட்டாம் நம்பரையே போட்டுப் பாரு."

போட்டதும் சரியாகிவிட்டது. நடந்தது இதுதான்: அவன் வீட்டில் ஒரு அங்குல ஃபில்டருக்குத்தான் இடம். நெருக்கமான அந்த ஃபில்டர் வழியாக ப்ளோயரால் (காற்றைத் தள்ளும் ஃபேன்) போதிய காற்றை இழுக்க முடியவில்லை. காற்று குறைந்தால், பர்னரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதியான ஹீட் எக்ஸ்சேஞ்சரின் சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லை. அது அளவுக்கு மீறிச் சூடானதும் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் லிமிட் ஸ்விட்ச் பர்னரை அணைத்துவிடும். ஃபேன் ஓடிச் சூட்டை இறக்கும். மறுபடி பர்னர் எரியும். இது நாள்கணக்கில் தொடர்ந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சரே விரிசல் விடலாம். ஒரு அங்குல இடத்தில் எல்லா ஃபர்னஸும் 13-ஐத் தாங்காது என்று சொல்லவில்லை. பழைய குழாய், குறுகலான ரிட்டர்ன் (வீட்டுக் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பும் வழி) உள்ள வீட்டில் திணறும். தாராளமான ரிட்டர்ன் உள்ள வீட்டில் சமாளிக்கும். ஃபர்னஸ் தகட்டில் அது தாங்கக்கூடிய காற்றழுத்த அளவு எழுதியிருக்கும். பல வீட்டு ஃபர்னஸ்களில் அது 0.5 அங்குல நீர்மட்டம் (காற்றழுத்தத்தை அளக்கும் ஓர் அலகு). சர்வீஸுக்கு வருபவரிடம் மானோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) இருந்தால், ஃபில்டரோடு அளந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள். சில நிமிட வேலை.

தம்பி பிறகு ஆள் வைத்து அந்த இடத்தை நாலு அங்குலமாக்கிக்கொண்டான். இப்போது அதே 13-ஆம் நம்பர்தான், ஒரு தொந்தரவும் இல்லை. மடிப்பு ஆழமாக இருப்பதால் ஃபில்டர் துணியின் மொத்தப் பரப்பு பல மடங்கு கூடுகிறது; காற்று நெருக்கியடிக்காமல் போகிறது. செலவு செய்ய முடிந்தால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மாற்றம் இல்லை.

நம்பருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை ஓரங்களுக்குக் கொடுத்தாலும் நல்லது. 16×25×1 என்று அச்சிட்ட ஃபில்டரை அளந்து பாருங்கள், பெரும்பாலும் 15¾×24¾×¾ அங்குலம்தான் இருக்கும். அது பெயரளவு என்பதால் குற்றமில்லை. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சட்டம் லொடலொடவென்று ஆடினால் காற்று சந்து வழியாகவே போகும். பழைய ஃபில்டரை உருவும்போது சட்டத்தின் வெளி ஓரத்தைப் பாருங்கள்: அங்கே கறுப்பாகக் கோடு இழுத்திருந்தால், தூசி சுற்றிக்கொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் செருகும் வாய்க்கு மூடி இல்லாவிட்டாலும் இதே கதைதான். ஃபேன் ஓடும்போது விசில் மாதிரிச் சத்தம் கேட்கும். காந்தப் பட்டை ஒன்றை ஒட்டினால் போதும்.

சட்டத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். கம்பிவலை உள்ள பக்கமும் அதே பக்கம்தான். வலை இல்லாத பக்கம் திரும்பிவிட்டால் மடிப்புகள் காற்றின் இழுப்பில் வளைந்துவிடும்.

எப்போது மாற்றுவது? ஒரு அங்குலம் என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதம், நாலு அங்குலம் என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் என்பார்கள். நான் மாட்டும்போதே சட்டத்தில் மார்க்கரால் தேதி எழுதிவிடுவேன், ஆனால் முடிவு செய்வது கண்ணால்தான். மாதத்துக்கு ஒருமுறை ஃபர்னஸை நிறுத்திவிட்டு, உருவி, பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். புதிதில் மடிப்புகளின் முகடும் பள்ளமும் தனித்தனியாகத் தெரியும், வெளிச்சம் வரிவரியாக வரும். பள்ளங்கள் நிரம்பிச் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் திட்டுத்திட்டாக வந்தால் மாற்றிவிடுவேன், தேதி என்னவாக இருந்தாலும். நாய் பூனை இருந்தாலோ, சுவரைத் தேய்க்கிற வேலை நடந்தாலோ சீக்கிரமே நிரம்பிவிடும்.

ஒருமுறை பயன்படுத்தும் ஃபில்டரைத் தண்ணீரில் அலசி மறுபடி மாட்ட வேண்டாம். பலவற்றில் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், அலசினால் அது குறைந்துவிடலாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும், நுண்துகளை முன்போலப் பிடிக்காமல் போகலாம்.

காட்டுத்தீப் புகை வரும் காலத்தில் மட்டும் நான் தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஆட்டோ'விலிருந்து, எப்போதும் ஓடும் 'ஆன்' நிலைக்கு மாற்றிவிடுவேன். காற்று ஓடினால்தானே ஃபில்டருக்கு வேலை. உங்கள் ஃபர்னஸ் 13-ஐத் தாங்காது என்றால், நாலைந்து மெர்வ் 13 ஃபில்டர்களைப் பெட்டி மாதிரி ஒட்டி, மேலே சதுர ஃபேன் ஒன்றை வைத்து, குழந்தை தூங்கும் அறையில் ஓட விடுங்கள். ரிச்சர்ட் கோர்ஸி, ஜிம் ரோசன்தால் இருவரும் 2020-ல் இந்த அமைப்பைப் பரப்பினார்கள். அவர்கள் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். மகளின் அறைக்கு நாங்களும் ஒன்று செய்து வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. இந்த ஃபில்டர்கள் துகளைப் பிடிப்பவை, வாயுவை அல்ல. எரிபொருள் எரியும்போது வரக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்சைடை மெர்வ் 8-ம் பிடிக்காது, 13-ம் பிடிக்காது. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் அலாரம் கட்டாயம் வையுங்கள். அதன் பட்டனையும் ஃபில்டரைப் பார்க்கும் அன்றே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.