வீடியோ அனுப்பாதம்மா, பேசி அனுப்பு

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஏதாவது ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சி எடுக்க வேண்டும். எங்கள் அணிக்கு அது 2021-இல் வந்தது. கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகளை செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நவம்பர் 1 வரை வீடுதான் பள்ளி. எனக்குக் கிடைத்தது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்புக் கணக்கு. நான் தினமும் பள்ளிக்குப் போவேன், என் வகுப்பு அங்கே இருக்காது.

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி உண்டு. பாடத்தைத் தொடங்குவது, கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது என்று ஒவ்வொரு திறனையும் தனியாக எடுத்துப் பழகுவோம். எல்லாமே பிள்ளைகள் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பில் வகுத்தவை. புரியாத பிள்ளையின் முகமே நமக்குச் சொல்லிவிடும். போனில் அது கிடைக்காது.

பாடத்துக்குப் பஞ்சமில்லை. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்துகொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் காட்டினால் வீடியோ வரும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் இருட்டிய பிறகு திரும்பும்போது அன்றைய டேட்டாவும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அந்தப் பள்ளியில் எனக்கு வழிகாட்டியாக இருந்த ஆசிரியை சொன்னார்: "வீடியோ அனுப்பாதம்மா, யாரும் திறக்க மாட்டாங்க. பேசி அனுப்பு."

அப்படித்தான் வாட்ஸ்அப் குரல்பதிவுக்கு வந்தேன். ஒரு தாளில் ஒரே ஒரு கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டுப் படம் எடுத்து அனுப்புவேன். கூடவே இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் விளக்கம். பிள்ளைகள் நோட்டில் போட்டுப் படம் அனுப்ப வேண்டும், எப்படிப் போட்டோம் என்று பேசியும் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைச் சும்மா ஒரு பழக்கத்துக்காகத்தான் சேர்த்தேன். அதுதான் என் பயிற்சியிலேயே பெரிய விஷயமாக ஆனது.

முற்றொருமைகள் பாடம், அதாவது எக்ஸுக்கு எந்த மதிப்பைப் போட்டாலும் பொருந்தும் சமன்பாடுகள். எக்ஸ் கூட்டல் மூன்று, முழுவதற்கும் வர்க்கம். ஒரு மாணவி எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்பது என்று விடை எழுதியிருந்தாள். எட்டாம் வகுப்பில் வழக்கமாக வரும் தவறுதான். நோட்டை மட்டும் பார்த்திருந்தால் சிவப்பில் சுழித்துச் சூத்திரத்தை எழுதிக் கொடுத்திருப்பேன், அவளும் மனப்பாடம் செய்திருப்பாள். அவளுடைய குரல்பதிவு வேறு கதை சொன்னது: "பெருக்கல்ல இருந்தா அடுக்கு ரெண்டுக்கும் போகுதே மிஸ், அதே மாதிரி இதுலயும் போட்டேன்." யோசித்துத்தான் போட்டிருக்கிறாள்! இரண்டைப் பெருக்கி வர்க்கம் எடுத்தால் இரண்டுக்குமே வர்க்கம் வரும் என்ற அடுக்குக்குறி விதியைச் சரியாகப் படித்து, கூட்டலுக்கும் அது பொருந்தும் என்று நம்பியிருக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளையிடம் "தப்பு, சூத்திரத்தைப் பார்" என்றால் அவள் யோசித்ததையே தண்டிப்பதாகிவிடும்.

அவளை பழைய காலண்டர் தாளிலிருந்து ஒரு சதுரம் வெட்டச் சொன்னேன். ஒரு ஓரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு, அடுத்த ஓரத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு கோடு. மீதி நீளம் எவ்வளவாக இருந்தாலும் அதுதான் எக்ஸ். கோட்டோடு வெட்டினால் நான்கு துண்டு வரும். பெரிய சதுரம் எக்ஸ் வர்க்கம், சின்னச் சதுரம் ஒன்பது. "மிச்சம் ரெண்டு பட்டை இருக்கே, அதை எந்தக் கணக்குல சேர்த்த?" என்று கேட்டு அனுப்பினேன். அன்று இரவே பதில் வந்தது. பின்னால் தம்பி ஏதோ கத்திக்கொண்டிருக்கிறான், அவள் அதை மீறிச் சத்தமாக, "ரெண்டு பட்டையும் மூணு எக்ஸ், மூணு எக்ஸ் மிஸ். நான் அதை விட்டுட்டேன்!" என்கிறாள். விதி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

அப்புறம் எல்லாரிடமும் விடைக்கு முன்னால் குரல்பதிவைத்தான் கேட்டேன். பட்டன் போன் மட்டும் இருந்த வீடுகளுக்கு மூன்று நான்கு பேரைச் சேர்த்து கான்ஃபரன்ஸ் கால். படம் அனுப்ப வழியில்லாததால் ஒருவர் படியைச் சொல்ல, அடுத்தவர் அதைச் சரிபார்ப்பார். வகுப்பறையில் வாயே திறக்காதவர்கள் என்று வழிகாட்டி ஆசிரியை சொன்ன சிலர் போனில் தாராளமாகப் பேசினார்கள். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அங்கே இல்லாததால் இருக்கலாம்.

எந்தப் போனும் எட்டாத பிள்ளைகளும் இருந்தார்கள். வேலைக்குப் போய்விட்டவர்கள், குடும்பத்தோடு வெளியூர் போனவர்கள். அந்த ஆசிரியை கணக்குத் தாள்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார். சிலது திரும்பி வந்தது, சிலது வரவில்லை. அவர்களுக்கு எந்தச் செயலியும் உதவவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

எங்கள் பயிற்சிப் பதிவேட்டில் கரும்பலகைப் பயன்பாட்டுக்கு மதிப்பெண் உண்டு, குரல் ஏற்ற இறக்கத்துக்கு உண்டு. மாணவர் சொன்னதைக் கேட்டு அடுத்த கேள்வியை அமைத்ததற்கு எந்தக் கட்டமும் இல்லை. இனி பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டம் வேண்டும். 16 வாரத்தில் ஓரிரு வாரமாவது, எதிரில் இல்லாத பிள்ளைக்குப் பாடம் எடுக்கவும் அவர்களைப் பழக்க வேண்டும். மழை விடுமுறைக்கும், உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அது நிச்சயம் உதவும்.