அம்மாவோடு கோஸ் தீவுக்கு

கிரேக்கத் தீவுக்குப் போகிறோம் என்றதும் எல்லாரும் "சாண்டோரினியா?" என்றுதான் கேட்டார்கள். எனக்கும் அந்த வெள்ளைச் சுவர்கள் பிடிக்கும். ஆனால் இது அம்மாவுக்கான பயணம். கடலூர்ப் பக்கம் 32 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பயிற்சிக் காலத்தில் கையில் விளக்கோடு நின்று அவர் சொன்ன நைட்டிங்கேல் உறுதிமொழி, 1893-இல், மருத்துவர்களுக்கான ஹிப்போகிரேட்டஸ் உறுதிமொழியைப் பார்த்து எழுதப்பட்டது. பண்டைக் கிரேக்க வைத்தியரான ஹிப்போகிரேட்டஸ் பிறந்த தீவு கோஸ். வேறு தீவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

எனக்கென்று இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த யவன மதுச்சாடித் துண்டுகளில் கோஸ் வகைச் சாடிகளும் உண்டு. இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற இரட்டைப் பிடியை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். கடல்நீர் கலந்து செய்த மது அந்தக் காலத்தில் அந்தத் தீவின் அடையாளம். அந்தச் சாடியின் ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

சரி, திட்டத்துக்கு வருகிறேன். கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாதம்தான் முக்கியம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று அடிக்கும். பலமாக வீசினால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். வெயிலும் தாங்காது. அதனால் மே மாதத்தைப் பிடித்தோம். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கோஸுக்குக் கப்பலில் ஓர் இரவு போய்விடும், விமானத்தில் ஒரு மணி நேரம். அம்மாவின் முழங்காலை நினைத்து விமானமே என்று முடிவு செய்தேன். எதில் போனாலும், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தங்க இடம் தேடும்போது கடல் தெரிகிறதா என்று நான் பார்க்கவில்லை. தரைத்தளமா, துறைமுகத்துக்கு நடந்து போகலாமா, இந்த இரண்டு கேள்விதான். கோஸ் நகரம் சமதளம், சைக்கிள் பாதைகள் நிறைய. அம்மா முதல் நாள் மாலையே கோட்டை வரை நடந்துவிட்டார்.

கோட்டைக்கு எதிரில்தான் ஹிப்போகிரேட்டஸின் மரம். ஒரு பெரிய சினார் மரம். நடுத்தண்டு பொந்தாகிக் கிடக்க, கிளைகளை இரும்புச் சட்டங்கள் தாங்கி நிற்கின்றன. இதன் நிழலில்தான் அவர் பாடம் நடத்தினார் என்பது ஊர்ச் சொல். மரத்துக்கு 500 வயது இருக்கலாம் என்கிறார்கள், அவரோ கி.மு. 460 வாக்கில் பிறந்தவர். கோஸ் நகரமே கி.மு. 366-இல்தான் உருவானது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும். இத்தனை வருஷமா முட்டுக் கொடுத்துக் காப்பாத்துறாங்க பாரு," என்றார். அப்புறம் பக்கத்துக் கடையில் கனெலாடா குடித்தோம். பட்டை போட்ட இனிப்பான குளிர்பானம், கோஸின் சிறப்பு. முதல் வாயிலேயே அம்மாவுக்குப் பாயச வாசனை வந்துவிட்டது.

மறுநாள் அஸ்கிளேப்பியன். நகரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில், குன்றுச் சரிவில் இருந்த மருத்துவக் கோயில். வைத்தியக் கடவுள் அஸ்கிளேப்பியஸுக்கு ஹிப்போகிரேட்டஸின் காலத்துக்குப் பிறகு எழுப்பியது. மண்ணுக்குள் கிடந்ததை 1902-இல் ருடால்ஃப் ஹெர்ட்ஸோக் என்ற ஜெர்மானியர் தோண்டத் தொடங்கினார். மூன்று தளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறக் கல்படிகள். கைப்பிடி கிடையாது என்று வைத்துக்கொண்டே திட்டமிட்டிருந்தேன்: காலையில் திறந்ததும் உள்ளே போவது, ஒவ்வொரு தளத்திலும் அரை மணி உட்காருவது, பதினொரு மணிக்குள் இறங்கிவிடுவது, வழியில் துருக்கியர் வாழும் பிளட்டானி கிராமத்தில் சாப்பாடு.

முதல் தளம் நினைத்தபடி முடிந்தது. இரண்டாவது தளத்தில் வெள்ளைத் தூண்கள் நிற்கும் அப்போலோ கோயிலைத்தான் எல்லாரும் படமெடுக்கிறார்கள். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோயாளிகள் இரவில் படுத்துத் தூங்கிய இடம் எது என்று கேட்டார். கனவில் கடவுள் வந்து மருந்து சொல்வார் என்று காத்திருந்த இடம் அது. அபாட்டன் என்று ஆய்வாளர்கள் கருதும் கட்டடத்தின் அடித்தளத்தைக் காட்டினேன். முழங்கால் உயரம்கூட இல்லாத கல்வரிசைதான். அதன் ஓரமாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு விரலால் காற்றில் எதையோ எண்ணினார்.

"இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு பேர் படுக்கலாம். வார்டுதாண்டி இது."

"படுத்தவங்களுக்கு ராத்திரி யார் தண்ணி கொடுத்திருப்பா?" என்று அப்புறம் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கீழே சைப்ரஸ் மரங்கள், அதற்கப்பால் கடல், அக்கரையில் துருக்கி. பதினொரு மணி தாண்டிப் பன்னிரண்டும் ஆனது. மூன்றாவது தளத்துக்கு நாங்கள் ஏறவில்லை.

மறுநாள் படகில் நிசிரோஸ் எரிமலைத் தீவுக்குப் போவதாக எழுதி வைத்திருந்தேன். பிளட்டானியில் சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார், "நாளைக்கும் இங்கேயே வரலாமா?"

படகு டிக்கெட்டை இன்னும் வாங்கியிருக்கவில்லை. காலையில் அதே நேரத்துக்கு வரச் சொல்லி டாக்ஸிக்காரரிடம் சொல்லிவிட்டேன்.